நாற்பத்தொரு பெயர்கள்

எசிஹா ஊருக்குப் பட்டப்பெயர் வாணலி.
இந்த வாரம் அடுப்பையும் பற்றவைத்துவிட்டார்கள்.
சதுக்கத்துக் கல்பெஞ்சில் எள்ளைத் தூவினால் பொரியும்.
நிழல் நகர்ந்துபோனாலும்
நாய்கள் எழுந்து பின்னால் போவதில்லை.

நகராட்சி எனக்குத் தந்தது ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
தனியே வசிக்கும் நாற்பத்தொரு பேரின் பட்டியல்.
காலை பத்துக்கு ஒரு சுற்று, மாலை நான்குக்கு ஒன்று.
தண்ணீர் குடித்தீர்களா.
ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டீர்களா.
அடுப்பு மூட்டவில்லையே.
தலை சுற்றுகிறதா.
சரி என்றால் பெயருக்கு நேரே ஒரு டிக்.

எட்டாவது பெயர் எவுலோஹியோ.
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இரண்டாம் மணியிலேயே எடுப்பார், திட்டுவதற்காக.
குடித்தேன் என்பார். நம்ப மாட்டேன்.
குழாயைத் திறங்கள், தம்ளர் நிறைகிற சத்தம்
எனக்குக் கேட்க வேண்டும் என்பேன்.
கேட்கும்.
பூந்தொட்டிக்கு ஊற்றினாரோ என்னவோ.

பதினேழாவது காசில்டா.
தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர்.
கட்டம் கட்டமாகப் படிவம் நிரப்புவதுபோல் பதில் சொல்வார்,
கடைசியில் நன்றி.

ஐந்தாம் நாள். நாற்பத்தாறு டிகிரி.
எவுலோஹியோ எடுக்கவில்லை.
பத்து மணி அடித்து நின்றது. மறுபடி பத்து.
கீழ்வீட்டு மருந்துக்கடை ஃபெர்மினை ஓடச் சொன்னேன்.
அவர் ஏறிக்கொண்டிருக்கும்போதே
மற்ற பெயர்களையும் பார்க்க வேண்டுமே,
ஒன்பது, பத்து, பதினொன்று...

காசில்டா எடுத்தார்.
"நன்றாக இருக்கிறேன் மகளே. வியர்வையே இல்லை.
கொஞ்சம் குளிர்கிறதுகூட.
மழை விட்டுவிட்டதா?"
ஊரே மழையைச் சொல்லிக் கேலி பேசுகிற வாரம்.
சிரித்தேன்.
டிக் போட்டேன்.
என் காது எட்டாம் எண்ணின் வாசலிலேயே கிடந்தது.

கதவைத் தட்டித் தட்டி ஃபெர்மினுக்குக் கை வீங்கியது.
பூட்டுத் திறப்பவர் வந்தார். போலீஸ் வந்தது.
உள்ளே வாடாத ஒரு பூந்தொட்டி மட்டும்.

அப்போது பேரங்காடிப் பெண் கூப்பிட்டாள்:
உறைந்த பட்டாணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்,
காலையிலிருந்து,
வாங்கியது ஒரே ஓர் எலுமிச்சை.

போனை வாங்கி எவுலோஹியோ கத்தினார்:
"வீட்டில் இருக்கச் சொன்னதும் நீ,
குளிர்ந்த இடத்தில் இருக்கச் சொன்னதும் நீ.
இரண்டும் ஒரே இடம் என்றா நினைத்தாய்?"

அலுவலகமே சிரித்தது. நானும்.
அந்தச் சிரிப்பின் நடுவில்தான்
மீன்முள்போல் ஒன்று தொண்டையில் நின்றது.
வியர்வை இல்லை.
குளிர்கிறது.
மழை.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஓடினேன்.
மூன்று தெரு. வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கம்பளிச் சட்டையைப் பொத்தானிட்டு
நாற்காலியில் நேராக அமர்ந்திருந்தார்.
தொட்டேன்; தோசைக்கல்.
சட்டையைக் கழற்றி, போர்வையை நனைத்துச் சுற்றி,
ஃபிரிட்ஜில் இருந்த ஐஸையெல்லாம்
அக்குளிலும் கழுத்திலும் வைத்து,
கையில் கிடைத்த காலண்டர் அட்டையால் விசிறினேன்.
தண்ணீர் புகட்டப் போனேன்.
வாயில் ஊற்றாதே, விழுங்க மாட்டார், புரையேறிவிடும்
என்று போனில் இருந்த குரல் தடுத்தது.
காசில்டா என்னைப் பார்த்து, மிக மரியாதையாக,
பதிவுத் தபாலுக்கு எந்த ஜன்னல் என்று கேட்டார்.

ஆறாம் நாள்.
சூடு இறங்கிவருகிறது என்கிறது மருத்துவமனை.
அதற்கு மேல் சொல்ல மறுக்கிறது.
நேற்றைய டிக்கை அழிக்கப் பார்த்தேன். பேனா மை,
தாள்தான் கிழிந்தது.

கேள்விகளின் கடைசியில் பென்சிலால்
ஒன்று சேர்த்திருக்கிறேன்:
இன்று என்ன கிழமை?

எட்டாம் எண். இரண்டாவது மணி.
"ஏன், உனக்கே தெரியாதா?" என்கிறார்.
நான் கேட்பதற்கு முன்பே
குழாய் திறக்கும் சத்தம்.